நாதத்தின் உபயோகம்

அது பலித்துவிட்டது என்பதுதான் என் சங்கடம். பலிக்காமல் போயிருந்தால் ஒரு கேலிக் கட்டுரையோடு விஷயம் முடிந்திருக்கும். அம்மாதிரிக் கட்டுரை எனக்குக் கைவந்த காரியம் என்பது இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

சென்னையில் ஒரு மாடிக் கூடம். பாய் விரித்து, கண்களைத் துணியால் மூடி, பதினைந்து இருபது பேர் மல்லாந்து கிடந்தோம். நடுவில் உட்கார்ந்திருந்த பெண் வெண்கலக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் தட்டினாள். சிலவற்றின் விளிம்பில் மரக்கட்டையை அழுத்திச் சுற்றிச் சுற்றி உரசினாள். பிறகு எழுந்து வந்து ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு கிண்ணத்தை வைத்துத் தட்டினாள். ஒலி காதுக்கு வருமுன் எலும்புக்கு வந்தது. விலாவுக்குள் எங்கோ ஒரு தேனடை இருந்து அதில் இப்போதுதான் ஈக்கள் விழித்துக்கொண்ட மாதிரி. ஒரு மணி நேரம். கட்டணம் உண்டு, ரசீதும் கொடுத்தார்கள். அன்றிரவு, நாற்பது நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக, விடியும்வரை தூங்கினேன்.

தூங்காமலிருந்ததற்குக் காரணத்தைச் சொல்லாவிட்டால் இது வெறும் தத்துவப் பேச்சாகிவிடும். என் தம்பி இறந்துபோனான். ஊர் வீட்டை விற்ற பணம் சம்பந்தமாக ஒன்பது வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என்னைப் பார்க்கவேண்டும் என்று ஒருவரிடம் சொல்லியனுப்பினான். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரத்தில் அவன் இல்லை. கணக்குப்படி நான்தான் அவனுக்குக் கொடுக்கவேண்டியவன் என்பது அந்த ஒன்பது வருஷமும் எனக்குத் தெரியும். இவ்வளவுதான். இதைக் கதையாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

ஆக, என்னைத் தூங்கவிடாமல் செய்தது வியாதியல்ல, ஒரு செய்தி. ராத்திரி இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டி, செய்யவேண்டியதை நீ செய்யவில்லை என்று சொல்லிவிட்டுப் போன செய்தி. கிண்ணம் அந்தச் செய்திக்குப் பதில் சொல்லவில்லை. செய்தி வரும் வழியை அடைத்தது. காலையில் எழுந்தபோது என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். நிம்மதியான மனிதனின் முகம். அந்த முகத்துக்குரிய எதையும் நான் செய்திருக்கவில்லை. காரணம் உள்ள வலியை, காரணத்தைத் தொடாமலே, ஒலியால் கரைத்துவிடலாம் என்றால் அப்படிக் கரைப்பது சரியா? கேள்வியை இப்படி வைக்கிறேன்.

முதலில் சில கழிசடைகளை ஒதுக்கிவிடுகிறேன். இந்தக் கிண்ணங்களைத் திபெத்தின் பண்டைய ரகசியம் என்கிறார்கள். ஏழு உலோகம், ஏழு கிரகம் என்கிறார்கள். திபெத்திய பௌத்தச் சடங்கில் கைமணி உண்டு, தாளம் உண்டு, ஆள் நீளக் கொம்பு உண்டு. கிண்ணத்தை உரசித் தியானத்தில் அமர்ந்ததற்குப் பழைய சான்றைத் தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்புகிறது. 1972-இல் ஹென்றி வொல்ஃபும் நான்ஸி ஹென்னிங்ஸும் 'திபெத்தன் பெல்ஸ்' என்று ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். மேற்கில் இந்த மோகத்துக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம். கிண்ணங்களில் பெரும்பாலானவை செம்பும் தகரமும் கலந்த சாதாரண வெண்கலம். நம் கோயில் மணியின் உறவினர்தான். கையால் அடித்துச் செய்தவை பூரண வட்டமாக இருப்பதில்லை. அந்தக் கோணலால், ஒரே ஸ்வரம் என்று நாம் நினைப்பது மயிரிழை வித்தியாசமுள்ள இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும், அலையாக ஏறியிறங்குகிறது. மார்பின்மேல் நான் உணர்ந்த அந்தத் ததும்பல் உலோகத்தின் ஊனத்திலிருந்து வந்தது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஏழு கிரகத்தைவிட இது எவ்வளவோ அழகான விளக்கம்.

இன்னொன்று, இந்த எண் பைத்தியம். விநாடிக்கு 432 அதிர்வு என்றால் பிரபஞ்சத்தின் சுருதி, 440 என்றால் கேடு என்று ஒரு கூட்டம் சொல்லித் திரிகிறது. 440 என்பது 1939-இல் லண்டனில் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட ஒரு சௌகரியம், அவ்வளவுதான். அதற்கு மாற்றாக வைக்கப்படும் 432-இன் தெய்வீகமோ கடிகாரத்தின் விநாடியை நம்பி நிற்கிறது. நம் விநாழிகையை அளவாக வைத்துக்கொண்டால், அது இருபத்து நான்கு விநாடி, அதே ஸ்வரம் 10,368 ஆகிவிடும். பிரபஞ்சத்துக்கு எந்தக் கடிகாரத்தில் மணி பார்க்கத் தெரியும்? நம் பாடகர்களுக்கு இந்தப் பிரச்னையே கிடையாது. ஒருவருக்கு நாலு கட்டை, இன்னொருவருக்கு ஒன்றரை. தொண்டை தீர்மானிக்கும் இடத்தில் ஸட்ஜம். இதைவிட நாகரிகமான ஏற்பாடு உலக இசையில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இவற்றை ஒதுக்கியபின்னும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பித்தலாட்டமான விளக்கத்தோடு வந்த மருந்து வேலை செய்தால், விளக்கத்தைக் கேலி செய்து என்ன ஆகப்போகிறது?

நம்மிடம் இதற்கு இரண்டு உருவகங்கள் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு மிருகம், ஒரு வேடன், ஓர் இசை. இவற்றை யாரும் சேர்த்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் தங்கிப் பேசுகிறேன்.

ஒன்று அசுணம். அது விலங்கா, பறவையா என்றே நூல்களுக்குள் ஒருமிப்பு இல்லை. யாழின் இன்னொலிக்குத் தன்னை மறந்து கிட்டே வரும். வந்ததும் வேடன் பறையை அறைவான். அந்தக் கடுமையைத் தாங்காமல் விழுந்து செத்துப்போகும். நற்றிணையின் 304-ஆம் பாட்டில் ஒரு பெண் தன் காதலனின் மார்பை அசுணம் கொல்பவர் கைக்கு ஒப்பிடுகிறாள். யாழை மீட்டியதும் அந்தக் கை, பறையை அறைந்ததும் அந்தக் கை. இன்பம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே துன்பமும். ஒலியால் மனம் இளகுவதை ஓர் அபாயமாகப் பார்க்கத் தெரிந்த கவி மனம் இது. இளகல் வெறும் நன்மை அல்ல. இளகிய இடத்தில் எது வேண்டுமானாலும் நுழையலாம். அசுணம் என்ற பிராணி இருந்ததோ இல்லையோ, அந்தக் கையைப் பார்த்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள்.

மற்றது ஹடயோகப் பிரதீபிகை. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஸ்வாத்மாராமரின் நூல். அதன் நாலாவது உபதேசம் பெரும்பகுதி நாதத்தைப் பற்றியது. காதுகளையும் கண்களையும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே ஒலி கேட்கும் என்கிறது. முதலில் கடல், இடி, பேரிகை. பிறகு மத்தளம், சங்கு, மணி. கடைசியில் கிண்கிணி, குழல், வீணை, வண்டு. ஸ்தூலத்திலிருந்து சூக்ஷ்மத்துக்கு. அங்கேயும் மான் வருகிறது. மனம்தான் மான். நாதம் அதைக் கட்டும் வலை. அதோடு நிறுத்தவில்லை நூல். அந்த மானைக் கொல்லும் வேடனும் நாதம்தான் என்கிறது.

கவனிக்கவேண்டியது இதுதான். இரண்டு உருவகங்களிலும் மிருகம் சாகிறது. அகப்பாடலில் அது விபத்து, துக்கம். யோக நூலில் அது லட்சியம். மனம் சாகவேண்டும் என்பதற்காகவே நாதம் தேடப்படுகிறது. இரண்டும் நேர்மையானவை. இசையின் பின்னால் ஒரு வேடன் இருக்கிறான் என்று இரண்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. மாடிக் கூடத்தில் வேடனைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே மான் சாவதில்லை. அரை மயக்கத்தில் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறது. பழுது பார்த்து அனுப்பப்பட்ட மான்.

என் விஷயத்தில் இன்னும் விபரீதம். தம்பியின் சாவுக்குப் போனேன். தெருமுனையிலிருந்து பறை அடித்துக்கொண்டு வந்தார்கள். பறை அறைந்தால் அசுணம் உயிர் வாழாது என்கிறது நான்மணிக்கடிகை. நான் பறையை அரை நாள் கேட்டேன், சாகவில்லை. அதற்குப் பிறகுதான் யாழைத் தேடிப் போனேன். அசுணத்தின் கதையைத் தலைகீழாக நடத்திக் காட்டியவன் நான்.

யோக நூல் சொல்லும் ஒலி அடிக்காமல் எழுவது. அநாகதம். அதை இன்னொருவன் உங்களுக்காக எழுப்ப முடியாது, விற்க முடியாது, ரசீது கொடுக்க முடியாது. கிண்ணமோ ஆகதம். ஒருத்தி தட்டினால்தான் எழும். இந்தப் பேதம் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படி நினைக்கவிடாமல் ஒரு சமாசாரம் குறுக்கே வந்தது. 1973-இல் ஜெரால்ட் ஆஸ்டர் என்பவர் 'ஸயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் எழுதிய கட்டுரை. ஒரு காதில் ஒரு ஸ்வரத்தையும் மறுகாதில் அதைவிடச் சற்றே வேறுபட்ட ஸ்வரத்தையும் செலுத்தினால், வெளியில் எங்கும் இல்லாத ஒரு துடிப்பு மூளைக்குள் கேட்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் டோவ என்ற பௌதிகர் கண்ட விஷயம்தான் இது. ஆஸ்டர் அதை உயிர்ப்பித்தார். அதற்கப்புறம் அதைத் தூக்கத்துக்கும் தியானத்துக்கும் கருவியாக்கி விற்க ஆரம்பித்தார்கள். பலன் பற்றிய ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இருக்கட்டும். எனக்குச் சுவாரஸ்யம், அடிக்காமல் எழும் ஒலிக்கும் விலை போட்டாகிவிட்டது என்பதில். ஆகவே 'அநாகதம்' என்ற சொல்லின் பின்னால் போய் ஒளிந்துகொள்ள முடியாது.

மந்திரத்தின் கதியும் இதுதான். ஹெர்பர்ட் பென்சன் என்ற ஹார்வர்ட் வைத்தியர் ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களின் மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் அளந்து பார்த்துவிட்டு, 1975-இல் ஒரு புத்தகம் எழுதினார். உடல் தளர்வதற்கு சம்ஸ்கிருத மந்திரம் அவசியமில்லை, எந்தச் சொல்லும் போதும் என்பது அவர் கட்சி. அவர் சிபாரிசு செய்தது 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல். ஒன்று, ஒன்று, ஒன்று. பக்தர்கள் இதில் அவமானப்பட ஏதுமில்லை. உடல் பொதுச்சொத்து, அதன் தாழ்ப்பாளை எந்தச் சாவியாலும் திறக்கலாம் என்று அவர் காட்டினார். திறந்த பிறகு என்ன என்பது அவர் துறை இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கோமாளித்தனம் ஜான் கேஜுடையது. கோமாளி என்பதைப் பெருமைப் பெயராகவே சொல்கிறேன். 1940-களின் மத்தியில் அவருக்கு ஒரு நெருக்கடி. தான் எழுதும் இசை யாருக்கும் எதையும் சொல்வதில்லை என்று கண்டு, பிறகு எதற்கு எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். அப்போது ஆமதாபாதிலிருந்து மேற்கத்திய இசை படிக்க வந்திருந்த கீதா சாராபாய் அவருக்கு நம் இசையைப் பற்றிக் கற்றுக்கொடுத்தார். இசையின் நோக்கம் என்னவென்று உங்கள் குரு சொன்னார் என்று கேஜ் கேட்டார். மனத்தைத் தெளிவித்து அடங்கச் செய்து, தெய்வீகம் வந்து தொடுவதற்கு இடம் கொடுப்பது என்று பதில் கிடைத்தது. கேஜ் அதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். 1948-இல் ஒரு சொற்பொழிவில் தன் அடுத்த திட்டத்தைச் சொன்னார். மூன்று அல்லது நாலரை நிமிஷ மௌனம் ஒன்றை எழுதி, அதை மியூஸாக் கம்பெனிக்கு விற்பது.

மியூஸாக் என்றால் என்னவென்று இப்போதைய இளைஞர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கலாம். 1934-இல் பெயர் சூட்டப்பட்ட அமெரிக்கக் கம்பெனி. தொழிற்சாலைக்கும் ஆபீசுக்கும் லிஃப்டுக்கும் கம்பி வழியாக இசை சப்ளை செய்தது. கேட்பதற்கான இசை அல்ல, கேட்காமலிருப்பதற்கான இசை. பின்னால் அதை ஒரு விஞ்ஞானமாகவே ஆக்கினார்கள். கால் மணி நேரம் பாட்டுகள் படிப்படியாக வேகமும் உற்சாகமும் ஏறிக்கொண்டு போகும், பிறகு கால் மணி மௌனம், மறுபடி. தொழிலாளி சோர்ந்துபோகும் நேரத்துக்கும் அதற்கும் கணக்கு உண்டு. அதாவது மௌனம்கூட அங்கே உற்பத்தியின் ஒரு பகுதி. 1969-இல் பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் சர்வதேச இசைக் கவுன்சில், பொது இடங்களில் இசையைத் திணிப்பது மனிதனின் மௌன உரிமையை மீறுவது என்று கண்டித்துத் தீர்மானம் போட்டது. 2013-இல் மியூஸாக் என்ற பெயரையே கைவிட்டார்கள். பெயர்தான் போயிற்று.

இப்போது கேஜ் என்ன செய்தார் என்று பாருங்கள். நம்மூரிலிருந்து போன ஒரு வாசகத்தை எடுத்துக்கொண்டு, மனத்தை மயக்கும் அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளேயே மௌனத்தைச் செலுத்தப் பார்த்தார். அது நடக்கவில்லை. 1951-இல் ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். அங்கேயும் இரண்டு ஒலிகள் கேட்டன, ஒன்று கீச்சென்று, ஒன்று தாழ்வாக. முதலாவது நரம்பு மண்டலம், மற்றது ரத்த ஓட்டம் என்று பொறியியலாளர் சொன்னாராம். நரம்பு கீச்சிடுமா என்பது சந்தேகம், காது தானே எழுப்பிக்கொள்ளும் இரைச்சலாக இருக்கலாம். அதனால் என்ன? சாகும்வரை மௌனம் கிடையாது என்று தெரிந்துகொண்டு வெளியே வந்தார். 1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் உட்ஸ்டாக்கில் டேவிட் டியூடர் பியானோவின் முன் நாலு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடி வாசிக்காமல் உட்கார்ந்திருந்தார். மரங்களுக்கு நடுவே பின்புறம் திறந்த அரங்கம். காற்று வந்தது, கூரையில் மழைத்துளி விழுந்தது, ஜனங்கள் முணுமுணுத்து எழுந்து போனார்கள். யாருக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. கீதா சாராபாய் சொன்ன தெளிவு வந்ததோ இல்லையோ, எல்லோரும் விழித்துக்கொண்டார்கள்.

(நம் கவிதைகளில் மௌனம் மலிந்துபோனதைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நாலு வரிக்கு ஒரு மௌனம். எல்லாம் மியூஸாக்கின் கால் மணி மௌனம்தான். இரண்டு உற்சாகத்துக்கு நடுவில் மூச்சு வாங்கும் இடம். மழைத்துளி விழும் மௌனத்தை எழுதியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அவர்கள் அந்தச் சொல்லையே உபயோகிப்பதில்லை.)

இனி ஒத்துக்காரருக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் என்றுகூட இப்போது தோன்றுகிறது.

எங்கள் ஊர்க் கோயிலில் நாகஸ்வரக்காரருக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்று ஒத்து ஊதுவார். ஒத்து என்பது பார்வைக்கு நாகஸ்வரம் போலவே இருக்கும், ஆனால் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் கிடையாது. அடியில் சில துளைகள் உண்டு. மெழுகை வைத்து அவற்றை அடைத்தும் திறந்தும் சுருதி சேர்த்துக்கொள்வார். அதற்குமேல் ஒரே ஸ்வரம். சாமி புறப்பாடு நாலு தெருவும் சுற்றி வந்து சேரும்வரை அந்த ஒரே ஸ்வரம். கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்துக்கொண்டு, மூக்கால் இழுத்து, வாயால் விட்டு, இழை அறாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கன்னம் இரண்டும் கிழங்கு மாதிரி புடைத்திருக்கும். கண்ணில் தண்ணீர் வடியும். நானும் தம்பியும் அவர் எப்போது மூச்சு விடுகிறார் என்று கண்டுபிடிக்கப் பந்தயம் கட்டுவோம். ஒரு தடவையும் கண்டுபிடித்ததில்லை.

கேட்கிறவனுக்கு அந்த இழை சாந்தி. திண்ணையில் படுத்துக்கொண்டு தூரத்துத் தெருவிலிருந்து அதைக் கேட்டுத் தூங்கிப்போன இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. ஊதுகிறவனுக்கு அது உழைப்பு, நுரையீரல், கூலி, அதுவும் சொற்பக் கூலி. பெயருக்கும் மதிப்பில்லை. 'ஒத்து ஊதுகிறான்' என்பது நம் பாஷையில் வசவு. சுயபுத்தி இல்லாமல் ஆமாம் போடுகிறவனுக்கு அந்தப் பெயரை வைத்தோம். பாஷை எப்போதும் நியாயமாக நடந்துகொள்வதில்லை. அந்தக் கிழவர் எவருக்கும் ஆமாம் போடவில்லை. அவருடைய ஸ்வரம் நின்ற இடத்தில் நின்றது. ஆமாம் போடவேண்டியிருந்தவர், மயிரிழை விலகினாலும் ஊர் முன்னால் அகப்பட்டுக்கொள்ள வேண்டியிருந்தவர், முன்னால் நின்று வாசித்த நாகஸ்வரக்காரர்தான்.

இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் இசையில் ஓயாத சுருதி என்பது இளைப்பாறுவதற்காக ஏற்பட்டதல்ல. தம்பூராவின் குதிரையில் தந்திக்கடியில் நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவாவைப் பிடிக்கிறார்களே, அந்தச் சிரத்தையெல்லாம் எதற்கு? மீட்டாத காந்தாரமும் தந்தியிலிருந்து தானே எழுந்து வரும் அளவுக்குச் சுருதி நிறைந்திருந்தால், பாடுகிறவன் எந்த இடத்தில் பொய் சொன்னாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஆதார சுருதி ஒரு சாட்சி. அதன் முன்னிலையில் பாடுவது சுகமான காரியம் இல்லை என்று பாடகர்கள் சொல்வார்கள். சேர்ந்துவிட்ட க்ஷணத்தில் கிடைக்கும் சுகம் வேறு. அது சம்பாதித்தது.

மாடிக் கூடத்தில் சுருதி இருந்தது, பாட்டு இல்லை. பாட்டு இல்லாத இடத்தில் அபஸ்வரம் சாத்தியமே இல்லை. நாங்கள் இருபது பேரும் அன்று அப்பழுக்கற்று சுருதியில் இருந்தோம், காரணம் எவரும் வாயைத் திறக்கவில்லை. சாட்சியை வரவழைத்து, வழக்கே போடாமல், வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

கிழவரின் இடத்தில் இப்போது எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி. மூச்சு வாங்கவேண்டாம், கூலி வேண்டாம், கண்ணீர் வடியாது. இதில் புலம்புவதற்கு ஒன்றுமில்லை. அவருடைய பேரனை யாரும் கன்னம் புடைக்க நிற்கச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. சன்னதியில் மோட்டார் சுழன்று மணியையும் நகராவையும் தானே அடித்துக்கொள்ளும் இயந்திரத்தைப் பார்த்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சாமிக்கு மியூஸாக்.

தாலாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒலியையும் அசைவையும் வைத்து ஓர் உயிரைத் தூங்கப்பண்ணுவதில் அதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. தூளியில் கிடக்கும் குழந்தைக்குப் போய்ச் சேர்வது அதிர்வு மட்டும். வார்த்தைகள் அதற்கு எட்டுவதில்லை. ஆனால் அந்த வார்த்தைகளைக் கேட்டிருக்கிறோமே! பிறந்த வீட்டுச் சீர் வராத குறை, வராமல் போன அண்ணன், வார்த்தையால் சுட்ட நாத்தனார், புருஷனிடம் சொல்ல முடியாதவை. தூங்கவைக்கிறவள் விழித்திருந்து தன் வழக்கைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். குழந்தைக்கு சாந்தி, அவளுக்கு வாக்குமூலம், இரண்டும் ஒரே மூச்சில். சுருதியும் பாட்டும் பிரியாத இடம். எனக்குக் கிண்ணம் தட்டிய பெண்ணுக்கு என்ன வழக்கு இருந்ததோ, எனக்குத் தெரியாது. கண்ணைக் கட்டியிருந்தார்கள்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது எனக்கே ஓர் எரிச்சல் ஏற்பட்டது. தூங்காமலிருந்த அந்த நாற்பது நாளில் நான் என்ன செய்துவிட்டேன்? தம்பி மனைவிக்கு ஒரு கடுதாசி எழுதினேனா? இல்லை. பணத்தை எடுத்து வைத்தேனா? இல்லை. படுத்துக்கொண்டு, நான் பாவி, நான் பாவி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே ஸ்வரம். மூச்சு விடாமல். பென்சனின் 'ஒன்' போல அதுவும் ஒரு மந்திரமாகிவிட்டிருந்தது. குற்ற உணர்வையும் சுருதியாக மீட்டிக்கொண்டு, பாடாமலே காலம் தள்ளலாம் என்பதற்கு நானே ருசு. அதில் ஒரு ரகசிய இதம்கூட இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு வேதனைப்படுகிறவன் கெட்டவனாக இருக்க முடியாது என்ற இதம். கிண்ணத்தின் இதத்துக்கு ரசீதாவது இருந்தது.

அதோடு, தூக்கம் உடம்பின் பசி. பசித்தவன் சோற்றுக்கு அருகதை உள்ளவனா என்று கேட்டுவிட்டா இலை போடுகிறோம்? தூங்காத மூளைக்கு நியாய அநியாயம் தெரிவதில்லை என்பதும் அனுபவம். இரண்டு மணிக்கு வரும் செய்தி பெரும்பாலும் மிகையானது, ஓலமானது, எட்டு மணி வெயிலில் அதைப் படிக்கவே முடிவதில்லை. என்னால் எட்டு மணிக்கு உட்கார்ந்து கணக்கைச் சரியாகப் பார்க்க முடிந்தது அந்த ஒரு ராத்திரி தூங்கிய பிறகுதான். வட்டி இல்லாமல் எவ்வளவு, வட்டியோடு எவ்வளவு என்று அப்போதுதான் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். அப்படியானால் கிண்ணம் எனக்கு நன்மைதானே செய்தது?

செய்தது. அதே சமயம், அந்தக் காகிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு மறு ஞாயிறும் அந்தக் கூடத்துக்குப் போனேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது தடவை கிண்ணம் மார்பில் அதிர்ந்தபோது தம்பியின் முகத்தை வரவழைத்துப் பார்த்தேன். வந்தது, கோபமில்லாமல், சற்று மங்கலாக, யாரோ ஒருவருடைய தம்பியைப் போல. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் பக்கத்தில் வந்து, ஏதாவது அசௌகரியமா சார் என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். இல்லை என்றேன். அவள்மேல் எனக்கு எந்தப் புகாரும் கிடையாது. மற்றவர்கள் கலையாதபடி சுவரோரமாக நடந்து வெளியே வந்தேன். கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரன் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

நேற்றுச் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போன் செய்தேன். காகிதத்தை எதிரே விரித்து வைத்திருந்தேன். அவன் பெண்தான் எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால், பூஜையறையில் இரவும் பகலும் ஓடுமே, அந்த பிளாஸ்டிக் மந்திரப்பெட்டி, நாலு எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, சத்தம் இடைஞ்சலா இருக்கா? அணைச்சுடவா?"

"வேண்டாம்மா. ஓடட்டும். அம்மாவைக் கூப்பிடு" என்றேன்.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அவள் அம்மா கொல்லைப்புறத்தில் இருந்திருக்கவேண்டும், வர நேரமாயிற்று. அதுவரை அந்தப் பெட்டியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.